அதெல்லாம் உள்ளே பேசியாச்சுங்க!

போன வாரம் என்னை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை. என் வாயை மூடத்தான் சேர்த்தார்கள் என்பது மறுநாள்தான் உறைத்தது.

நம் எல்லைப் பக்கத்துத் தமிழர்களுக்காகச் சில தன்னார்வலர்கள் ஒரு பஸ் ஆப் செய்கிறார்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்தால் பஸ் நேரம் வரும். யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லா விவாதமும் இணையத்தில் பொது மன்றத்தில், எல்லோர் கண் முன்னாலும் நடக்கும் – அப்படித்தான் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நல்லேப்பிள்ளியில் உட்கார்ந்துகொண்டு நானும் அவ்வப்போது பிழை திருத்திக் கொடுப்பேன்.

ஆனைக்கரையில் ஒரு ஓட்டல் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் செல்வி, இடுக்கிப் பக்கத்து நிறுத்தங்களைத் தமிழில் எழுத முன்வந்தார். எஸ்டேட்டில் வேலை செய்யும் அவருடைய அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். மலையாள போர்டைப் பார்த்து விழிக்காமல், யாரிடமும் கேட்காமல், அவரே பஸ் பார்த்து ஏற வேண்டும்... அவ்வளவுதான் செல்வியின் ஆசை.

தொடங்கும் முன் மன்றத்தில் முறையாகக் கேட்டார்: பெயர்களை நம் ஆட்கள் சொல்கிறபடி எழுதுவதா, போர்டில் உள்ளபடியா? ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, ஆட்சேபம் இல்லை போல என்று லீவு நாட்களையெல்லாம் கொட்டி எழுதி முடித்தார்.

அனுப்பினால், ஒரே வரியில் நிராகரிப்பு! போர்டில் உள்ளபடிதான் இருக்க வேண்டுமாம். அவர்களே மாற்றி ஆப்பில் ஏற்றியும்விட்டார்கள்: ஆனைக்கரை இனி 'அணக்கர'.

செல்வி எனக்குப் போன் செய்தார். "எங்கப்பா ஆனைக்கரைன்னு அடிக்காரு சார், அப்படி ஊரே இல்லைங்குது. தான்தான் தப்பா அடிச்சிட்டோமோன்னு திரும்பத் திரும்ப அடிக்காரு. நான் கேட்டப்பவே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

ஆப்பின் பொறுப்பாளரைப் பிடித்தேன். கோவையில் ஐ.டி. வேலை, ஊர் கொழிஞ்சாம்பாறை. "ஏனுங்க, இது எப்ப முடிவாச்சு?" என்றேன்.

"அதெல்லாம் உள்ளே பேசியாச்சுங்க."

உள்ளே என்றால்? நாலைந்து பேர் மட்டும் இருக்கும் தனி குரூப்! "பொதுவுல பேசுனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, ஒண்ணும் நகராதுங்க" என்று விளக்கம் வேறு.

ஆளாளுக்கு ஒன்று சொல்லட்டும் என்றுதானே ஐயா மன்றம் வைத்தீர்கள்? யாருடைய பாஸ்வேர்டாவது கசிகிறதா, கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள், நியாயம். பஸ் ஸ்டாப் பெயரில் என்ன ராணுவ ரகசியம்?

இதையே மன்றத்தில் எழுதினேன். பதில் வரவில்லை. என்னை அந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள்! நானும் இனி 'உள்ளே'. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்? ஆனால் அங்கே ஒரு பூப்படத்துடன் 'காலை வணக்கம்'... அதற்குப் பிறகு மயான அமைதி. விசாரித்தால், நான் வந்த அன்றே மற்றவர்கள் இன்னொரு குரூப் தொடங்கிக் குடிபோய்விட்டார்களாம்.

ஓசியில் உழைக்க வருகிறவர்களுக்கு நம்மால் கொடுக்க முடிந்த ஒரே கூலி, முடிவெடுக்கும்போது பக்கத்தில் உட்கார வைப்பது. அதற்கும் மனசில்லாதவர்களுக்கு 'சமூகம்' என்ற பெயர் எதற்கு? பண்ணையார் வீட்டு வாசலில்கூட வந்தவனுக்குப் பதில் சொல்வார்கள்.

நேற்று செல்வி மன்றத்தில் எழுதினார்: "நான் விலகிக்கிறேன். கேட்டப்ப சொல்லாம, எழுதி முடிச்சப்புறம் உள்ள பேசியாச்சுன்னா எப்படி? காரணத்தை எல்லாருக்கும் தெரியுற மாதிரி இங்கயே சொல்லிட்டேன். யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்."

அவர் ஏன் போனார் என்று இப்போது காரசாரமாக விவாதிக்கிறார்களாம். என்ன பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்... அந்தப் புதுக் குரூப்பில் நான் இல்லை.