எழுபதாம் வளைவும் அண்ணனின் முழங்காலும்

அன்று எழுபதாம் வளைவில் அண்ணன் தன் இடது முழங்காலை விலக்கினானா, இல்லையா? எட்டு வருடங்களாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விலக்கினான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, இல்லை, நான்தான் இடுக்கில் கையை நுழைத்தேன் என்று தோன்றுகிறது. அன்று அண்ணன் ஓட்டிய பைக்கிலிருந்து கழற்றிய பழைய பெட்ரோல் டேப் ஒன்று என் தையல் டப்பாவில் ஊசி நூலோடு கிடக்கிறது. பித்தளையில் செய்தது, கட்டை விரல் நீளம். அதன் பிடியைத் திருப்பிப் பார்ப்பேன். திறந்தால் ஒரு சொடுக்கு, மூடினால் ஒரு சொடுக்கு. இரண்டும் ஒரே சத்தம்தான்.

கொல்லிமலைச் சாலையின் வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து எண் போட்டிருக்கிறார்கள். மேலே குடியிருக்கும் எங்களுக்கு இறங்கும்போது முதலில் வருவது எழுபதாம் வளைவு. அந்த வளைவு வந்ததும் பைக்கின் பெட்ரோல் டேப்பை மூடிவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். இறக்கத்தில் வண்டி தானாகப் போகும்போது பெட்ரோல் எதற்கு என்பது எல்லோருடைய நினைப்பும். கார்புரேட்டரில் மிச்சம் நிற்கிற பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் அடங்கும். அப்புறம் நியூட்ரலில், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டே அடிவாரம் வரை போவார்கள். டேப் இருப்பது டேங்குக்கு அடியில், இடது பக்கம். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துவரும் பெண்களுக்கும் முகம் இடது பக்கம்தான். அதனால் டேப்பை மூடுவது பின்னால் இருப்பவளின் வேலையாகிவிட்டது. அப்பா வண்டி ஓட்டிய காலத்தில் அது என் வேலை. வளைவுக்கு முன்னால் அவர் இடது முழங்காலைச் சற்று விலக்குவார். என் கை உள்ளே போகும், ஒரு சொடுக்கு. வார்த்தையே தேவைப்படாது. அப்பா போன பிறகு அண்ணன் ஓட்டினான். அவனும் முழங்காலை விலக்குவான், என் கை உள்ளே போகும்.

அது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். வாசலூர்பட்டியில் படகு ஏரிக்குப் போகும் சாலையில் அண்ணன் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். சனி ஞாயிறுகளில் கீழேயிருந்து பெரிய பெரிய பைக்குகளில் இளைஞர்கள் வருவார்கள். எழுபது வளைவையும் எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று கடை வாசலில் நின்று பேசுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அண்ணனுக்கு ஒரு வெறி பிடித்தது. அப்பாவின் வண்டியை வைத்தே அவர்களை முந்திக் காட்ட வேண்டும். சேலத்திலிருந்து பெரிய கார்புரேட்டர் வாங்கிவந்தான். பெட்ரோல் வரும் டியூபை இரண்டு மடங்கு தடிமனாக மாற்றினான். ஜெட் என்று ஒன்று உண்டு. நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு. அதன் நடுத்துளை வழியாகத்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும். மலை மேல் காற்று லேசு, கீழே கனம் என்று இரண்டு அளவில் ஜெட் வைத்திருந்தான். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பான். எங்கள் வீட்டுக் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம். அம்மா அரைத்துவைத்த காபிப்பொடியை ஒரு காகிதத்தில் கொட்டி, பிளக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவன் அவன். இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவன்.

நான் அப்போது வேதியியல் படித்து, பி.எட். முடித்து வீட்டில் இருந்தேன். எரிபொருள், காற்று, எரிதல் எல்லாம் நான் தேர்வில் எழுதிய விஷயங்கள். பக்கத்தில் போய் நின்று, "இது எதுக்குண்ணா?" என்று கேட்டால், "உனக்கெதுக்கு அம்மிணி கையெல்லாம் கரியாக்கிக்கிட்டு? நீ போய்ப் படி" என்பான். ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத இளைஞர்களுக்கோ ஒவ்வொரு திருகாணியையும் விளக்குவான். "இப்ப இது தாகமெடுத்த மாடு மாதிரி குடிக்குமுங்க. ஒரு நிமிசம் பெட்ரோல் நின்னா சோலி முடிஞ்சுது" என்று அவன் அவர்களிடம் சொன்னதாக எனக்கு ஒரு ஞாபகம். நான் டீ தம்ளர்களை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது என் காதில் விழுந்ததா, பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை. விழுந்திருந்தாலும் அது எனக்குச் சொன்னது அல்ல. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அந்த வண்டியில் அவனுக்குப் பின்னால் உட்காரப்போகிறவள் நான். அந்த டேப்பில் கை வைக்கிறவள் நான். என்னைத் தவிர எல்லோருக்கும் சொன்னான்.

ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க நாமக்கல்லுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போகிறேன் என்றேன். "என்ற வண்டி இருக்கறப்ப என்ற தங்கச்சி பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறதா? ஏறு" என்றான். காலை ஏழரை மணி. மடியில் ஃபைல், அதற்குள் என் படிப்பு முழுவதும். எழுபதாம் வளைவு வந்தது. என் கை டேப்புக்குப் போனது. எத்தனையோ வருடப் பழக்கம், கை தானாகப் போனது. அதுவரை தெளிவாக நினைவிருக்கிறது. கையில் பட்ட டியூபின் புதிய தடிமன்கூட நினைவிருக்கிறது. முழங்கால்தான் நினைவில் இல்லை. விரல் பிடியைத் திருப்பியதா, தொட்டுவிட்டு விலகியதா, அதுவும் இல்லை.

இரண்டு வளைவு இறங்கியபின் கீழேயிருந்து வந்த ஒருவனின் பைக் எங்களை முந்தியது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கியரில் போட்டு முறுக்கினான். இன்ஜின் சத்தம் உயர்ந்தது, இன்னும் உயர்ந்தது, மெல்லிசாக, ஒரு சீட்டியைப் போல. "கேட்டியா அம்மிணி? பாட்டுப் பாடுது பாரு" என்றான். பெட்ரோல் கிடைக்காத இன்ஜின் கடைசியாகப் போடும் சத்தம் அது என்று இரண்டு வருடம் கழித்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பெட்ரோல் நின்றால் அதோடு கலந்த ஆயிலும் நின்றுவிடும். ஆயில் இல்லாமல் சூடேறி, உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கியரில் இருக்கிற வண்டியின் பின்சக்கரத்தை யாரோ கையால் பற்றி நிறுத்தியதுபோல நிற்கும். அப்படித்தான் நின்றது. நான் மலைப்பக்கம் புதரில் விழுந்தேன், சிராய்ப்போடு போயிற்று. அண்ணனின் இடது முழங்கால் வண்டிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் மாட்டியது. என் சான்றிதழ்கள் சாலை முழுக்கப் பறந்தன. நான் முதலில் அவற்றைப் பொறுக்க ஓடினேனா, அவனிடம் ஓடினேனா என்பதைக்கூட இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி டிரைவரும் ஆட்களும் வண்டியைத் தூக்கினார்கள். ஒரு மாதம் கழித்து அந்த டிரைவரைத் தேடிப்போய்க் கேட்டேன், டேப் எப்படி இருந்தது என்று. "மூடித்தான் இருந்துச்சுங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லீங்க, நாந்தான் மூடினனோ என்னமோ. பெட்ரோல் வாசம் வந்துச்சு, கை தானாப் போயிருச்சுங்க" என்றார். அவருக்கும் கை தானாகப் போயிருக்கிறது. எங்கள் மலையில் எல்லோருக்கும் அப்படித்தான்.

அண்ணனின் கால் அதன் பிறகு மடங்கவில்லை. எனக்கு வேலை மறுவருடம் வேறு தேர்வில் கிடைத்தது. கேட்கிறவர்களிடமெல்லாம் அண்ணன் "பழைய இன்ஜினுங்க, புடிச்சுக்கிச்சு" என்று மட்டும் சொல்வான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பேச்செடுக்கும்போதெல்லாம் அம்மா, "உன்ற அண்ணன் உன்னைய ஒரு சொல்லுச் சொன்னானா கண்ணு? அப்புறம் எதுக்கு அதையே கெளறிக்கிட்டு" என்பாள். அவன் சொல்லாததே பெருந்தன்மையாகிவிட்டது. எனக்கு அந்தப் பெருந்தன்மைமேல்தான் கோபம். மன்னித்துவிட்டவனைப் போல ஒருவன் நடந்துகொள்ளும்போது, நான் என்ன தப்புச் செய்தேன் என்று அவனிடம் எப்படிக் கேட்பது? எனக்குச் சொல்லாமல் விட்டது உன் தப்பு என்று அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது?

இப்போது அந்த வண்டி மறுபடி உயிர் பெறுகிறது. என் கணவர் சமவெளியிலிருந்து இங்கே அரசு வேலைக்கு வந்தவர். ஷெட்டில் மூடிக்கிடந்த வண்டியைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஆசை. புதிய கார்புரேட்டர், புதிய டியூப், புதிய டேப், எல்லாம் கூரியரில் வந்தன. "வேண்டாமுங்க" என்றேன். "மச்சானே சரின்னுட்டாரு, உனக்கென்ன?" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் இருவரும் உட்கார்ந்து பூட்டினார்கள். அண்ணன் நீட்டிய காலோடு முக்காலியில் இருந்து, "மாப்ள, அந்தக் கிளிப்ப இன்னொரு சுத்து முறுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்து வயது மகள் டேங்கின் மேல் ஏறி உட்கார்ந்து, அடியில் கையை விட்டுத் துழாவினாள். நான் பால் தம்ளரோடு படியில் நின்றேன்.

அண்ணன் அவள் கையைப் பிடித்து வெளியே எடுத்தான். "சாமி, இங்க பாரு. இதுதான் டேப்பு. வண்டி ஓடறப்ப இத மட்டும் தொடவே கூடாது. மூடினா இன்ஜின் புடிச்சுக்கும். தெரிஞ்சுதா?"

"மூடினா என்ன ஆகும் மாமா?"

அண்ணன் தன் நீட்டிய காலை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினான். "இப்புடி ஆகும்" என்று சிரித்தான். கணவரும் சிரித்தார். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டே வரி. ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் அதே இரண்டு வரியை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? படித்தவள், அவளுக்கே தெரியும் என்று விட்டானா? பெண்பிள்ளைக்கு எதற்கு என்று விட்டானா? இல்லை, அவனுக்கும் அந்த நிமிடம் மறந்து, பழக்கத்தில் முழங்காலை விலக்கிவிட்டு, அதை என்னிடம் சொல்ல முடியாமல்தான் இத்தனை வருடமும் இன்ஜின்மேல் பழியைப் போடுகிறானா? போன ஞாயிறு குழந்தைக்குச் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றா? அது மன்னிப்பா, குற்றச்சாட்டா? நான் பாலை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எப்போதும் போல.

வரும் ஞாயிறு மகளை முன்னால் உட்கார வைத்து அடிவாரம் வரை போய்வருவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். அண்ணன் பின்னால் உட்கார்ந்துகொள்வானாம். "நீங்க போங்க, குழந்தை வர மாட்டாள்" என்று சொல்லிவிட்டேன். இருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள், மகள் அழுதாள். குழந்தையை அனுப்பாததில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றதில்தான்.

இதை எழுதும்போதும் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இதைக் கொண்டுபோய் அண்ணனின் முக்காலி முன்னால் வைத்து, அன்று நீ முழங்காலை விலக்கினாயா என்று நேராகக் கேட்கலாமா? விலக்கினேன் என்றால் எனக்காகப் பொய் சொல்கிறான் என்று நினைப்பேன். இல்லை என்றால் மீதி நாட்களை அந்தப் பதிலோடு கழிக்க வேண்டும். கேட்காமலும் இருக்க முடியவில்லை; அவன் காலை நீட்டி உட்காரும்போதெல்லாம் என் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. படிக்கிறவர்களில் அண்ணன் தங்கையோடு பிறந்தவர்கள் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் கேட்பீர்களா? கேட்பதென்றால் முதல் வார்த்தையை எப்படி எடுப்பீர்கள் என்று எனக்குக் கொஞ்சம் எழுதுங்கள்.