டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

வகுப்பில் ‘புல் த்ரூ’ நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் ‘இழு, வழியாக’ என்று தனித்தனியாகப் பிய்த்துப் பொருள் சொல்லும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “சேத்துப் பாருங்கடா. சாவக் கெடந்தவன் பொழச்சி எழுந்தா அதான் புல் த்ரூ” என்று கத்துவேன். ஆரணியில் இருபது வருடமாக நான் இங்கிலீஷ் வாத்தியார்.

அக்கா வீட்டுக்காரர் பட்டு நெய்பவர். போன வருடம் தறியிலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் வடக்கே எங்கேயோ, தமிழ் வராது. ஐ.சி.யூ. வாசலில் என்னிடம், “ஹீ மே நாட் புல் த்ரூ” என்றார். பிழைப்பது சந்தேகம். பார்க்க வேண்டியவர்களை உடனே வரவழையுங்கள் என்றும் நிதானமாகச் சொன்னார்.

“இன்னாடா சொல்றாரு?” அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொழச்சிக்குவாராம்கா.”

எப்படி அப்படிச் சொன்னேனோ, படுபாவி.

அவளுடைய ஒரே மகள் செய்யாறு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். லீவு கேட்டாலே முறைப்பார்கள். “பொண்ணு வரேன்னு அழுதுகினு கீது. வரச் சொல்லட்டுமா?” என்றாள் அக்கா. அவள் வந்து டாக்டரிடம் இங்கிலீஷில் கேட்டால் என் பொய் உடைந்துவிடும். “வேணாம்கா, ஞாயித்துக்கெழம வரட்டும்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் போய்விட்டார். கம்பெனி யூனிஃபார்மோடு ஓடிவந்த பெண், வீட்டு வாசலில் கிடத்தியிருந்த அப்பாவைத்தான் பார்த்தாள்.

காரியம் முடிந்த பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “டாக்டர் இங்கிலீஷ்ல இன்னா சொன்னாரு? அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். அதற்குப் பொருள் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள்.

“அம்மாவுக்குத் தெரிய வேணாம். தாங்காது” என்று எழுந்து போனாள்.

அக்கா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அந்த டாக்டரைத்தான் திட்டுகிறாள். “பொழச்சிக்குவாருன்னு சொல்லி ஏமாத்திட்டான். என் தம்பி மட்டும் கூட இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன்” என்பாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். வெட்கமாக இருக்கும். அக்கா மகள் எல்லோருக்கும் காபி கொண்டுவருவாள், எனக்கும்தான். மாமா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். “எடுத்துக்கோங்க சார்” என்கிறாள்.