கேட்டில் கொடுத்துவிட்டு வந்த போன்

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மதுரை விமான நிலையத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு வயது அறுபத்தேழு. அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேனே தவிர, ஏறியதில்லை.

எனக்கு ஊர் ஆமத்தூர். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பர். காலையில் கேட்டில் எத்தனை பேர் உள்ளே போனார்கள், சாயங்காலம் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எண்ணுவதுதான் என் முக்கியமான வேலை. வெடிமருந்து புழங்கும் இடம். உள்ளே யாராவது தங்கிவிட்டார்களா என்பது ஒரு நொடியில் தெரிந்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் படி, பஸ் ஜன்னல், இட்லி என்று எதைக் கண்டாலும் எண்ணுவேன். வீட்டில் கேலி செய்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு பயணம் என்றாலே பயம் வந்துவிட்டது. பக்கத்திலிருக்கும் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போவதற்கே முதல் நாள் பஸ் நேரம் விசாரிப்பேன். காசிக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை மறுத்தேன். ஹைதராபாத்தில் இருக்கும் மகள் ஏழு வருடமாகக் கூப்பிட்டாள், போகவில்லை. என் மனைவி மட்டும் போய் வருவாள்.

அந்தத் தடவை மறுக்க முடியவில்லை. முன்னதாகவே மகள் வீட்டுக்குப் போயிருந்த மனைவிக்கு அங்கே மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை. “நீங்க வந்து பக்கத்துல நின்னாத்தான் நான் உள்ள போவேன். இல்லைன்னா இந்தக் காலோடயே இருந்துட்டுப் போறேன்” என்று போனில் சொல்லிவிட்டாள். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். சொன்னால் சொன்னதுதான் அவள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். பை, மாத்திரை டப்பா, கண்ணாடி, டிக்கெட் தாள், ஆதார் அட்டை. ஐந்து. என்னுடைய பெரிய கவலை வேறு. பழைய பையிலும் சட்டையிலும் பட்டாசு மருந்தின் தூசி ஒட்டியிருந்து, விமான நிலைய மிஷின் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது? விருதுநகர் போய்ப் புதுப் பை, புதுச் சட்டை, புதுச் செருப்பு வாங்கினேன். பேத்திக்கு ஐந்து பாக்கெட் காராச்சேவு.

சோதனை செய்யும் இடத்தில் எல்லாவற்றையும் தட்டில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சட்டையைத் தடவிப் பார்த்தார்கள். பையை ஒரு துணியால் துடைத்து மிஷினில் காட்டினார்கள். நான் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். மிஷின் சத்தம் போடவில்லை. போகலாம் என்று கை காட்டியதும் வந்த நிம்மதியில், பட்டியலில் இருந்த ஐந்தையும் எண்ணி எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகும் மூன்று தடவை எண்ணினேன். ஐந்தும் சரியாக இருந்தது.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. மல்லாங்கிணறு பக்கம் பருத்தி விவசாயம், ஹைதராபாத்தில் மகன் என்று அவராகவே சொன்னார். கையில் ஒரே ஒரு துணிப்பை.

“எத்தனை தடவைதான் அந்தச் சீட்டைப் பாப்பீக அண்ணாச்சி? எழுத்து மாறவா போகுது?” என்றார்.

போனை அணைக்கச் சொல்லி அறிவித்தார்கள். சட்டைப் பையில் கை வைத்தேன். காலி.

“என்ன அண்ணாச்சி, நெஞ்சு வலிக்கா?”

“போனை விட்டுட்டேன்ம்மா.”

“எங்கன?”

“சோதனை பண்ற எடத்துல, தட்டுல வச்சேன்.”

“வச்சா எடுக்க வேண்டாமா?”

“சாயங்காலம் எடுத்துக்கிடலாம்னு வந்துட்டேன்.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. எங்கள் கம்பெனிகளில் தீப்பெட்டி, பீடி, போன் எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரும்பும்போது வாங்கிக்கொள்வோம். காக்கிச் சட்டைக்காரர் முன்னால் போனை வைத்ததும் கால் தானாக உள்ளே போய்விட்டது.

அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் எழுந்தேன். “உக்காருங்க. இது என்ன மினி பஸ்ஸா, விசில் அடிச்சு நிப்பாட்ட?” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். விமானம் நகர்ந்துவிட்டது.

இறங்கியதும் போன் செய்தால் மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரிப் பெயர், வீட்டு முகவரி எல்லாம் அந்தப் போனுக்குள் இருந்தன. நான் போய்ச் சேராவிட்டால் மனைவி உள்ளே போக மாட்டாள். என்னென்ன தவறாகப் போகலாம் என்று எண்ணினேன். பதினொன்று வந்தது.

“உங்களுக்குப் பயமே இல்லையாம்மா?” என்று கேட்டேன்.

“எட்டாவது தடவை வாறேன். எனக்கு இங்கிலீசும் தெரியாது, இந்தியும் தெரியாது. முன்னால போறவுக பின்னாலயே போவேன். தெரியலைன்னா கேப்பேன்.”

“அவுகளுக்கும் தெரியலைன்னா?”

“இன்னொருத்தர்கிட்ட கேப்பேன். ஊருல ஆளா இல்ல?”

இறங்கியதும் தன் போனை நீட்டினார். மகள் எண் எனக்கு மனப்பாடம். மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. மாப்பிள்ளை எண் தெரியாது. அவரிடம் எது பேசினாலும் மகள் மூலமாகத்தானே பேசுவோம்.

“சரி, உங்க நம்பருக்கே போடுங்க” என்றார் அந்த அம்மா.

“அந்தப் போன்தான் என்கிட்ட இல்லையேம்மா.”

“அதான் சொல்றேன். யாரு கையில இருக்கோ அவுக எடுப்பாகள்ல?”

முப்பத்தொரு வருடம் கணக்குப் பார்த்தவனுக்கு இது தோன்றவில்லை. அடித்தேன். மதுரை விமான நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் எடுத்தாள்.

“தாத்தா, நீங்கதானா? உங்க போன் பத்திரமா இருக்கு. உங்க மக கூப்பிட்டாங்க, விஷயத்தைச் சொல்லிட்டேன். உங்க மாப்பிள்ளை வாசல்லயே வந்து நிப்பாராம். நீங்க வேற எங்கேயும் போயிரக் கூடாதாம்.”

வாசலில் மாப்பிள்ளை நீலச் சட்டையில் நின்றார். அந்த அம்மாவிடம் ஒரு பாக்கெட் காராச்சேவை நீட்டினேன். “இதை விட்டுட்டு வந்திருந்தா மன்னிச்சிருக்க மாட்டேன்” என்று வாங்கிக்கொண்டு மகனைத் தேடிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. ஐந்து பாக்கெட்டில் நான்குதான் வீடு சேர்ந்தது. எண்ணிக்கை குறைந்தும் நான் கவலைப்படாதது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், போனை விட்ட காரணத்தை நான் சொல்வதற்கு முன்பே மனைவி கேட்டாள்: “போனை கேட்ல குடுத்துட்டு வந்துட்டீகளாக்கும்?” மறுநாள் காலை ஏழு மணிக்குச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள்.

பதினெட்டு நாள் கழித்துத் திரும்பியபோது போனை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு மூன்று பயணம் போய்விட்டேன், ஒன்று காசிக்கு. பட்டியலில் ஆறாவதாகப் போன் ஏறியிருக்கிறது. ஏழாவதாக நான் எழுதிக்கொள்வது பயம். அது இறங்கட்டும் என்று ஏழு வருடம் வீட்டில் காத்திருந்தேன், இறங்கவில்லை. இப்போது அதையும் ஒரு சாமானாக எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.