மொகிலி ஏற்றத்தில் தேவயானியின் வலது கால்

தேவயானியை ஓரிடத்தில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நகரி, புத்தூர் பக்கம் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். கண்ணுக்கு மை தீட்டும்போதுகூட அவள் கால் சும்மா இருக்காது. கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டப் பொறுமையில்லாமல்தான் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினாள். போன மாதம் பாகாலாவில் ஒரு கல்யாணத்துக்குத் தாமதமாகப் போனபோது, பெண்ணுக்கு வேறொருத்தி அலங்காரத்தை முடித்திருந்தாள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

இன்று பலமனேரில் சாயங்கால ரிசப்ஷன். மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் பெண்ணுக்கு அலங்காரத்தை முடித்தாக வேண்டும். மொகிலி மலைப்பாதையில் லாரி ஒன்று பழுதாகி நிற்க, ஏற்றத்தில் வண்டிகள் ஊர்ந்தன. தேவயானி பிரேக்கைத் தொடவே இல்லை. முன்வண்டி நகர்ந்ததும் பாயலாமே என்று, ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியே காரை ஏற்றத்தில் பிடித்து வைத்திருந்தாள். கியர் ஆயில் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கருகல் வாடை வேறு. எஞ்சின் இரைந்ததே தவிர, கார் இழுக்கவில்லை. எப்படியோ ஓரமாக ஒதுக்கிவிட்டு, நகரி மெக்கானிக் நாகபூஷணத்துக்கு போன் போட்டாள்.

"மேட்டுல எப்டிம்மா நிறுத்திக்கினு இருந்தே? பிரேக்கா, ஆக்ஸிலேட்டரா?"

"பிரேக்குதான்ணா."

"நெஜமா சொல்லு."

"...ஆக்ஸிலேட்டரு."

"அதான்! வண்டியும் நகரல, காத்தும் படல, உள்ள ஆயில் கொதிக்குது. கியர 'பி'ல, பார்க்கிங்ல போட்டு எஞ்சினை ஓட உடு, ஏசிய நிறுத்து. லைட்டு போன உடனே கெளம்பாத, நல்லா ஆறட்டும். நாளைக்கு வண்டியக் கொண்டா. ஆயில் கருத்துப் போயிருந்தா மாத்திடலாம்."

விளக்கு அணைந்தது. அவளால் பொறுக்க முடியுமா? கிளம்பினாள். அடுத்த வளைவிலேயே மறுபடி சிவப்பு. தன் மேலேயே எரிச்சல் பொங்கியது. மறுபடி ஓரங்கட்டி, காரைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். 'பலமனேரும் போச்சு' என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

வரிசை இப்போது அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற வேனிலிருந்து கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் வியர்வை வழிய இறங்கி வந்தான்.

"அக்கா, தண்ணி இருக்குதா?"

"கோட்டு போட்டுக்கினு எங்கப்பா போறே?"

"பலமனேருக்கு. எனக்குத்தான் ரிசப்ஷன். பேரு யோகேஷ்."

"பொண்ணு அக்ஷயாவா?" என்று கேட்டவள், அவன் தலையாட்டியதும் வாய்விட்டுச் சிரித்தாள். யாரை முந்த இத்தனை பறந்தாளோ, அந்த மாப்பிள்ளையே பக்கத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அலங்காரப் பெட்டியைத் திறந்து, அவன் முகத்தைத் துடைத்துப் பவுடர் ஒற்றிவிட்டாள். அது முடிவதற்குள் விளக்கு அணைந்தது. அணைந்த பிறகும் அவள் கிளம்பவில்லை.

லாரியை ஒதுக்கியதும் வரிசை நகர்ந்தது. "நீ முன்னால போக்கா, நீ போனாத்தான் பொண்ணு ரெடியாவும்" என்று யோகேஷ் வழிவிட்டான். தேவயானி குறைந்த கியரில் நிதானமாக ஏறினாள். அடுத்த மேட்டில் வரிசை மறுபடி நின்றபோது, வலது கால் தன்னாலே ஆக்ஸிலேட்டருக்குப் போனது. அதை இழுத்துப் பிரேக்கில் வைத்தாள். முன்வண்டி நகர்ந்து, பின்னாலிருந்து மாப்பிள்ளை வேன் ஹாரன் அடித்த பிறகுதான் காலை எடுத்தாள்.