அண்டாவில் சேராத மாவு

பிள்ளைகளா, இது உங்கள் இருவருக்கும். பெரியவளே, போன வாரம் நீ சமூக அறிவியல் பாடத்துக்காகத் தரையில் சார்ட் பேப்பரை விரித்துத் தெற்காசியா படம் ஒட்டிக்கொண்டிருந்தாய். பாதியில் நிமிர்ந்து, "ஏம்ப்பா, நேபாளமும் நாமளும் ஒரே பகுதின்னு போட்டிருக்குது. அப்புறம் ஏன் அந்தக் கோழிப் பண்ண அக்கா ஊர விட்டுப் போயிட்டாங்க?" என்று கேட்டாய். சின்னவன் பசை டப்பாவை மூடாமல் என் வாயையே பார்த்தான். டீத்தூள் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். வீட்டில் டீத்தூள் இருந்தது. அது உங்கள் அம்மாவுக்கும் தெரியும்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அந்தச் சார்ட்டைப் படித்தேன். வடக்கே பெரிய மலை. மற்ற பக்கங்களில் கடல். இடையில் இருக்கிற நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு பகுதி. எல்லாருக்கும் ஒரே பருவமழை. பயிரும் சாப்பாடும் உடையும் சாமியும் பண்டிகையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் இந்தப் பாடத்தை நான் உனக்கு முன்பே படித்துவிட்டேன். படித்தது கோழிப் பண்ணையில்.

கடத்தூரில் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு டெம்போவில் பண்ணை பண்ணையாகப் போவது என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். நம் ஊர் எல்லையில் இருக்கிற பண்ணைக்கு நேபாளத்து மலைக் கிராமத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்கு வந்தார்கள். கூடவே நாலு வயதுப் பெண் குழந்தை. ஷெட்டை ஒட்டி ஓர் ஆஸ்பெஸ்டாஸ் அறை. அந்தப் பெண்தான் சீக்கிரம் தமிழ் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் மத்தியானம் மூட்டை இறக்கிவிட்டுக் கை கழுவப் போனால், களி வாசம். எட்டிப் பார்த்தேன். கரி பிடித்த பாத்திரத்தை இரண்டு பாதத்தாலும் அணைத்துக்கொண்டு கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, களியா?"

"கோதோ அண்ணா. எங்க ஊர் சாப்பாடு."

"இது நம்ம கேவுருதானம்மா!"

அவள் புருஷன் வெளியே வந்தான். "கேவுரு, கேவுரு. இங்க வந்து தினம் சோறு, சோறு. கடையில இந்த மாவு பாத்தேன். அழுக வந்துது."

"பொய் அண்ணா. அழல. நாலு உருண்ட தின்னான்" என்றாள் அவள்.

எனக்கும் ஓர் உருண்டை வைத்தார்கள். தொட்டுக்கொள்ளக் கீரை. அதற்குப் பிறகு அந்தப் பண்ணைக்குப் போனாலே பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன். மலையை வெட்டிப் படி படியாக வயல் வைத்து அதில் கேழ்வரகு நடுவார்களாம். நாம் இங்கே வானத்தைப் பார்க்கிற அதே நாட்களில் அவர்களும் அங்கே பார்ப்பார்களாம். இலையைக் குச்சியால் தைத்துத்தான் விருந்துக்குப் போடுவார்களாம். ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் சரியாகத் தெரியாத எனக்கு, இமயமலை வரைக்கும் சொந்தக்காரர்கள் இருப்பது போல ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

கோடையில் அந்தக் குழந்தைக்கு அம்மை போட்டது. நான்தான் வேப்பிலை ஒடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே, தன் ஊரிலும் அம்மைக்கு ஒரு தாய் உண்டு, பேர் வேறு, இங்கே மாரியாத்தா என்று இருக்கிறவளும் அவள்தான் என்றாள். பிறகு கேட்டாள்: "ஆடியில கூழ் ஊத்துறீங்க இல்ல? பொண்ணுக்கு நல்லாச்சுன்னா நானும் மாவு குடுக்கறேன்னு அம்மாகிட்ட வேண்டிக்கவா அண்ணா?"

"தாராளமா வேண்டிக்கம்மா. ஆத்தாளுக்கு யாரு மாவு குடுத்தா என்ன?" என்றேன்.

நான் யார், அப்படிச் சொல்ல? இரண்டு வருடமாக மாவுக்கூடை தூக்குகிறவன், அவ்வளவுதான். ஆடியில் பம்பைக்காரரை முன்னே விட்டு, கூடையோடு நாங்கள் இரண்டு பேர் வீடு வீடாகப் போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு. எல்லா மாவும் ஒரே கூடையில் விழும். பிறகு கோயில் அண்டாவில் ஒரே கூழாகக் கொதிக்கும். யார் வீட்டு மாவு கூடையில் விழுகிறதோ அந்த வீடு ஊர்க்கணக்கில் சேர்த்தி. விழாத வீடு ஊருக்கு நடுவில் இருந்தாலும் வெளியூர். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் வாக்குக் கொடுத்தேன்.

குழந்தைக்கு நன்றாகிவிட்டது. ஆடி வந்தது. மாவு எடுக்கக் கிளம்புகிற காலையில், கோயிலில் தேங்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, பண்ணக்காரி மாவு குடுக்கறேன்னு சொல்லிட்டுத் திரியறாளாம். நீதான் சரின்னியாம்?"

"ஆமாங்க. கொழந்தைக்கு அம்ம போட்டு ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டாங்க."

"வேண்டிக்கிட்டா அவ ஊர்ல போய்ச் செய்யட்டும்."

"அவங்க ஊர்லயும் இதே ஆத்தாதானுங்க, பேருதான் வேற. திங்கறதும் நம்ம கேவுரு களிதானுங்க. அந்த மலையில இருந்து இங்க வரைக்கும் பேயற மழ ஒண்ணுதானுங்களே."

சார்ட்டில் நீ எழுதியிருப்பதை எல்லாம் நான் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன், பார். அவர் கோபப்படவில்லை. மூட்டையை முடிச்சுப் போட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"மழ ஒண்ணா இருந்தா ஊரு ஒண்ணாயிருமாடா? அப்பக் காலனியில வேற மழையா பேயுது? அவன் திங்கறது கேவுரு இல்லயா? அவன் மாவ வாங்கறமா நாம? நீதான கூட தூக்கறவன். எந்த வருசமாச்சும் அந்தப் பக்கம் திரும்புனியா?"

என்னோடு கூடை தூக்க வந்திருந்த பங்காளி சிரித்தான். "அண்ணன் இமயமலைக்கு வேணாக் கூட தூக்கிட்டுப் போவாரு. காலனிக்குத்தான் வழி தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தர்மகர்த்தா சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நம் தெரு முடிந்து ஒரு வரப்பு தாண்டினால் காலனி. கூடையோடு அந்த வரப்பு வரைக்கும் போய்த் திரும்புவேன். அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் கேட்டபோது, 'அதுவும் தப்புத்தானுங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது 'சரிங்க' என்பதுதான்.

சரி என்றவன் அவளிடம் போய் முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. பண்ணைக்குத் திரும்புகிற முடக்கில் பங்காளியையும் கூடையையும் நிறுத்திவிட்டு நான் மட்டும் போனேன், சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு. அவள் தலைக்குக் குளித்து ஈரத் தலையோடு நின்றாள். மிக்ஸியில் அரைத்தால் ஆத்தாளுக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, ஊருக்குள் கைத்திருகை இரவல் வாங்கி அரைத்த மாவு. மேலே ஒரு செம்பருத்தி.

"கூட எங்க அண்ணா?"

"நெறஞ்சு போச்சும்மா. இதுல போடு. நான் அண்டாவுல கொட்டிடறேன்."

"நானே வந்து கொட்டவா?"

"பொம்பளைங்க கொட்டக் கூடாதும்மா."

அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று. அவள் பூவை எடுத்துக் குழந்தையின் தலையில் வைத்துவிட்டு, மாவைக் கவரில் சிந்தாமல் கொட்டினாள். விரலில் ஒட்டியதையும் தட்டிவிட்டாள். அதைக் கொண்டுவந்து, பங்காளி பார்க்கப் பார்க்கவே, மாட்டுக் கொட்டாய் ஆணியில் மாட்டினேன். மாட்டுக்கும் வைக்க மனசு வரவில்லை.

கூழ் ஊற்றுகிற அன்றைக்கு நீங்கள் இருவரும் ராட்டினத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அவள் குழந்தையோடு தூக்குப்போசி எடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கிக் குடிக்க வருகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. கொடுக்க வருகிறவர்களைத்தான். பங்காளி ஊற்றினான். நான் பக்கத்தில் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு ஒரு வாய் குடிக்கக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பொம்பளையிடம், "இதுல எங்க மாவும் இருக்கு அக்கா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

"எதுலம்மா?" என்றான் பங்காளி. "உன் மாவு இவரு வூட்டு மாட்டுக் கொட்டாயில தொங்குது. அவரு பசுவுக்குத்தான் இந்த வருசம் கூழு."

வரிசையில் சிரிப்பு. அவளுக்குத் தமிழ் அந்த அளவுக்கு வராமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"அண்ணா, கொட்டிடறேன்னு சொன்னீங்க."

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடுத்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன் அண்ணா. இப்ப நான் பொய் சொன்ன மாதிரி. பொண்ணுக்குத் திரும்ப வந்தா?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். முந்தானையால் குழந்தையின் உதட்டில் இருந்த கூழை அழுத்தித் துடைத்தாள். தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பின்னால் வந்தவர்கள் அதைக் காலால் நகர்த்திக்கொண்டு வரிசையில் வந்தார்கள். "அடுத்து வாங்க, வாங்க" என்றான் பங்காளி. நானும் அடுத்தவருக்கு வெங்காயம் போட்டேன்.

மாவைத் திருப்பிக் கொடுக்க இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் முடக்கிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன். மூன்றாவது தடவை தீவன லோடு இருந்ததால் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. அறை பூட்டியிருந்தது. ஓசூர்ப் பக்கம் வேறு பண்ணைக்குப் போய்விட்டார்கள் என்றார் முதலாளி. "நல்லா வேல செய்யற சனம். என்னாச்சோ தெரியல, பொண்ணுக்கு இந்த ஊரு ஆகாதுன்னு ஒரே புடியா நின்னுது அந்தப் பொம்பள" என்றார். எனக்குத் தெரியும் என்று அவரிடமும் சொல்லவில்லை.

இதுதான் நீ கேட்டதற்குப் பதில். உன் சார்ட்டில் இருப்பது தப்பு இல்லை. மார்க் போடுவார்கள். மலை நிஜம், மழை நிஜம், களியும் நிஜம், நானே தின்றேன். ஆனால் இத்தனையும் ஒன்றாக இருந்தும் ஒருத்தியை வெளியே நிறுத்த எனக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போதுமாக இருந்தது. அவளை விடு. உன்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறாளே, காலனியில் இருந்து வருகிற உன் சிநேகிதி, அவள் வீட்டு வாசலில் உன் அப்பன் ஒரு வருடமும் கூடையை இறக்கியதில்லை. அவளுக்கு அது தெரியும். உனக்குத்தான் தெரியாது. அடுத்த ஆடிக்குக் கூடை தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதில் பெருமை இல்லை. இன்னொருத்தன் தூக்குவான், வரப்பு வரைக்கும் போவான், திரும்புவான்.

இன்னும் ஒன்று. அதை உங்கள் அம்மாவுக்கும் சொல்லவில்லை. நீங்கள் மூவரும் ஏரியூருக்குக் கல்யாணத்துக்குப் போன அன்றைக்கு, கொட்டாயில் இருந்து அந்தக் கவரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உச்சி வெயில். யாரும் இருக்க மாட்டார்கள் என்று பார்த்துத்தான் போனேன். கோயில் பூட்டியிருந்தது. பின்பக்கம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அண்டா வெயிலில் சுட்டது. துண்டைச் சுற்றிப் பிடித்து ஒரு பக்கம் தூக்கினேன். மாவில் வண்டு விழுந்திருந்தது. ஊதி, இருந்ததை அண்டாவுக்கு அடியில் கொட்டினேன். கவரை உதறினேன். சத்தம் வராமல் அண்டாவை மறுபடி தரையில் இறக்கி, விளிம்புக்கு வெளியே சிந்தியதைக் காலால் தேய்த்துவிட்டு வந்தேன்.