பலூன் எந்தப் பக்கம் சாயும்

ஜவ்வாது மலை மேல் ஒரு பள்ளியில் மூன்று வருடம் தற்காலிக இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். ஆலங்காயத்திலிருந்து ஷேர் ஜீப்பில் போவேன். எங்கள் மூத்த இயற்பியல் ஆசிரியரும் அதே ஜீப்தான். முன் இருக்கை எப்போதும் அவருக்கு.

வழி முழுக்க விஞ்ஞானிகளுக்கு மார்க் போட்டுக்கொண்டே வருவார். ஆப்பிள் விழுவதைப் பார்த்தவருக்குத் தொண்ணூற்றெட்டு. காலமும் வெளியும் வளையும் என்றவருக்குத் தொண்ணூற்றைந்து. "கணக்குக்கு அடுத்தவங்கள கேட்டாரு இல்ல, அதுக்கு மூணு கட்." கதிரியக்க ஆராய்ச்சியில் உடம்பையே கெடுத்துக்கொண்ட அம்மையாருக்கு எழுபதுதான். "உழைப்பு வேற, மேதைமை வேற டீச்சர்." நான் சண்டை போடுவேன். உண்மையைச் சொன்னால், அன்றாடம் எனக்குப் பிடித்த நேரமே அதுதான்.

ஒருநாள் மழை. ஜீப்பின் பக்கவாட்டு ரெக்சின் திரைகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். அவர் பின்னால் திரும்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு புதிர் போட்டார். மூடின வண்டிக்குள் கேஸ் பலூன் ஒன்று நூலில் கட்டி மிதக்கிறது. வண்டி சட்டென்று கிளம்பினால் அது எந்தப் பக்கம் சாயும்?

"முன்னாடிதான் சார் போவும்" என்றார் டிரைவர். "பொண்ணு பொறந்தநாளுக்கு வாங்கினு போனேன். கெளம்புனா முன்னாடி, பிரேக் அடிச்சா பின்னாடி. இன்னாடா இதுன்னு ரெண்டு மூணு தபா பார்த்தேன்."

ஆசிரியர் சிரித்தார். "நாம பின்னாடி சாயுறோம், பலூன் மட்டும் முன்னாடி போவுமா? நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா. டீச்சர், நீங்க சொல்லுங்க."

எனக்கு விடை தெரியும். வண்டி கிளம்பும்போது உள்ளே இருக்கும் காற்று பின்பக்கம் நெருங்கும். காற்றைவிட லேசான பலூன் முன்னால் தள்ளப்படும். கல்லூரியிலேயே போட்டுப் பார்த்த புதிர்தான். ஆனால் ஜூன் மாதம் வந்தால் என்னை மறுபடி எடுப்பதா வேண்டாமா என்று தலைமையாசிரியர் இவரைத்தான் கேட்பார்.

"பின்னாடிதான் சார்" என்றேன்.

ஜீப்பே சிரித்தது. "படிச்சவங்க சொல்றாங்க, கேட்டுக்கோ" என்றார் ஒருவர். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

அடுத்த வாரம் டிரைவரே ஒரு கேஸ் பலூன் வாங்கி வந்து சீட்டில் கட்டி, ரெக்சினை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். பலூன் முன்னால் சாய்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள். "எங்கியோ ஓட்ட வழியா காத்து வருது" என்றார் ஆசிரியர். மறுநாளிலிருந்து வேறு ஜீப்புக்கு மாறிவிட்டார். நானும் அவர் பின்னாலேயே போனேன்.

அந்த வருடக் கடைசியில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் அவர் மேடையேறி அதே புதிரைப் போட்டார். இந்த முறை சரியான விடையோடு. "நானே ஜீப்ல பலூன் கட்டிப் பார்த்தேன்" என்றார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

ஜூனில் நிரந்தர ஆசிரியை ஒருவர் வந்தார். என்னை நிறுத்திவிட்டார்கள். மூத்த ஆசிரியர் எனக்காக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லுவார் என்று கடைசி நாள் வரை நம்பியிருந்தேன்.

இப்போது ஆலங்காயத்தில் டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்த டிரைவரைப் பார்த்தேன். டீக்கடை ஓரம் நின்றிருந்தார். நானாகப் போய்ச் சொன்னேன்: "அன்னிக்கு நீங்க சொன்னதுதாங்க சரி. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும் டீச்சர்" என்றார். "நீங்க யோசிச்சிட்டு தானே பொய் சொன்னீங்க. கண்ணாடியில பார்த்தேனே."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மலைமேல் நெல்லிவாசலுக்குப் போகும் அவர் ஜீப்புக்கு ஆள் சேர்ந்துவிட்டது. டம்ளரை வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.