பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது

எங்கள் அத்தைக்குத் தெரியாத பிள்ளைப்பேற்று வைத்தியம் உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படித்தான் அத்தையே சொல்லிக்கொள்ளும். அப்பாவுக்கு மூத்தது, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியது. அதனால் அப்பா அத்தைக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. பேசியிருக்கலாம். ஒரே ஒரு நாளாவது பேசியிருக்கலாம்.

அப்போது எனக்கு ஏழு வயசு. தம்பி பிறந்த பத்தாம் நாள் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கஷாயம், நெற்றிக்குப் பத்து, வேப்பிலை என்று மூன்று நாள் அத்தை பார்த்தது. நான்காம் நாள் அம்மாவுக்குப் பேச்சு குழறவே, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. ஐப்பசி அடைமழை, பஸ் ஓடவில்லை. அப்பா உசிலம்பட்டிக்கு நடந்துபோய் ஒரு வாடகைப் பிளசர் காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அதுவரை காரில் ஏறியதே இல்லை. அம்மா அந்தக் கிடை கிடக்கிறாள், எனக்கோ உள்ளுக்குள் குதியாளம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கைக்குழந்தையைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, அம்மாவைத் தூக்கிவந்து ஏற்றுவதற்குள் எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். பின்சீட்டில் கதவோரம் தலையணை வைத்து அம்மாவைச் சாய்த்து, அத்தை பக்கத்தில் அணைத்துக்கொண்டது. அவர்கள் காலடியில், வைக்கோல் பிரிமணைமேல் கரிநெருப்புக் கங்குச் சட்டி. அதற்குக் காவல் நான். கையில் ஓலை விசிறி.

"பச்ச ஒடம்பு. துளி காத்து பட்டாலும் ஜன்னி கண்டுரும். கங்கு அணைஞ்சுச்சு, ஒந்தோல உரிச்சுருவேன்" என்றது அத்தை. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, இடுக்குகளில் பழந்துணியை வேறு திணித்தது.

அரை மைல் போயிருக்க மாட்டோம். முன்கண்ணாடி வெள்ளை வெளேரென்று மூடிக்கொண்டது. டிரைவர் மதுரை டவுன்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயசு, கோபம் மூக்குமேல். மழையில் இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறுவார். பார்த்தால் மறுபடியும் வெள்ளை. மூன்று தடவை இப்படி. புகையிலையைத் தேய்த்தால் கண்ணாடியில் தண்ணீர் நிற்காது என்று அப்பா யாரிடமோ கேட்டிருந்தார். மடியில் இருந்த வெற்றிலைப் புகையிலை அத்தனையையும் கண்ணாடியின் வெளிப்பக்கம் தேய்த்துத் தீர்த்தார். ஒரு பிரயோசனமும் இல்லை.

நான்காவது தடவை பாய் உள்ளிருந்தே கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தார். கோடு விழுந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட எம் புத்தியே! ஆவி உள்ளுக்குள்ள அடைஞ்சு கெடக்கு. நான் வெளிய தொடைச்சுக்கிட்டு இருக்கேன்!"

நனைந்த துணி, அஞ்சு பேர் மூச்சு, அதைக் காய்ச்ச ஒரு கங்குச் சட்டி. அம்புட்டு ஆவியும் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில் போய் ஒட்டுகிறது, சோற்றுப்பானை மூடிக்கு அடியில் தண்ணீர் கோக்கிற மாதிரி என்று விளக்கினார். சட்டியை வெளியே வைத்துவிட்டுக் கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கினால் தானாகத் தெளிந்துவிடுமாம்.

"நீ வண்டிய ஓட்டுப்பா. வைத்தியத்த நான் பாத்துக்கிறேன்" என்றது அத்தை.

வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. செக்கானூரணிக்கு முன்னால் ரோடு எது, ஓரம் எது என்று தெரியாமல் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. வயற்காட்டு ஆட்கள் வந்து தள்ளி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிசு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாய் ஏறி உட்கார்ந்ததும் யாரையும் கேட்காமல் தன் பக்கத்துக் கண்ணாடியைச் சரசரவென்று இறக்கினார். ஜில்லென்று காற்று வந்தது. முன்கண்ணாடி ஓரத்திலிருந்து தெளிய ஆரம்பித்தது, புளியமரங்கள் தெரிந்தன. அம்மா கண்ணைத் திறந்து, "நல்லாருக்கு" என்றாள்.

அத்தை அலறியது. "ஏலே தம்பி, ஒம் பொண்டாட்டி ஒனக்கு வேணுமா வேணாமா?"

முன்சீட்டிலிருந்து அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மூடிருங்க பாய்" என்றார்.

"சரிண்ணே. வெரசாப் போகச் சொல்லி மட்டும் என்னைய அவசரப்படுத்தாதீங்க" என்று பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மெதுவாக, "தாயி, கண்ணாடியத் தொடச்சு விடு. வெளிய பாக்கணும்" என்றாள். அவள் முகத்துக்கு நேரே பாவாடை நுனியால் வட்டமாகத் துடைத்துவிட்டேன். அவள் மூச்சுப்பட்டு அது மறுபடி மூடிக்கொண்டது. நான் துடைக்க, அது மூட, எனக்கு நல்ல விளையாட்டாக இருந்தது. நடுநடுவே கங்குகளை விசிறிச் சிவக்கவைத்தேன். தலை விண்விண்ணென்று வலித்தது, குமட்டியது. அத்தைகூட உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்தது. எனக்கும் தூக்கம் தள்ளியது. ஆனாலும் விசிறுவதை விடவில்லை. அணையவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்று அவ்வளவு பெருமை.

அடைத்த இடத்தில் கரிநெருப்பு மூச்சையே குடித்துவிடும் என்பதை நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். அம்மாவைக் கொண்டுபோனது காய்ச்சலா, கங்குச் சட்டியா? ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அது என்னவென்று அப்பா சாகிறவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன பதிலைத் தாங்கப் போகிறேன்?

அன்றைக்கு நாகமலை தாண்டும்போது மறுபடி வட்டமாகத் துடைத்துவிட்டேன். இந்தத் தடவை மூடவே இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன்; பளிச்சென்று அப்படியே இருந்தது.

"அப்பா, அம்மா பக்கத்துக் கண்ணாடி தெளிஞ்சிருச்சு!" என்று கத்தினேன்.

அப்பா, "அப்படியா தாயி?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார். பாய் திரும்பி ஒரு தடவை பார்த்தார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கி வந்து ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டார்.

மழைக்காற்று விசுவிசுவென்று உள்ளே புகுந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "மூடுங்க பாய், அம்மாவுக்கு ஜன்னி வந்துரும், மூடுங்க!" என்று கத்தினேன். அவர் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். அத்தையாவது வையும் என்று பார்த்தால், அது அம்மாவின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருத்தருக்கும் பொறுப்பில்லையே என்று நானே எக்கி, அம்மா பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்தினேன்.